கடை வாசலில் எடுத்த படங்கள்

கடைக்குள் நுழைந்தால் கல்லாவுக்கு மேலே மூன்று படங்கள் தொங்கும். மூன்றும் அதே வாசலில் எடுத்தவை. மூன்றிலும் அந்தக் குடும்பம் நிற்கிறது. மூன்றிலும் பெரியவள் இல்லை.

வீட்டில் மூத்தவள் என்பதால் அந்தப் பெயர். தெருவே அப்படித்தான் கூப்பிட்டது.

முதல் படம் அப்பா கடை திறந்த அன்று எடுத்தது. அடுப்பில் முதல் ஈடு ரொட்டி வெந்துகொண்டிருந்தது. விறகடுப்பு. உள்பக்கம் சூடு அதிகம், வாய்ப்பக்கம் குறைவு. பாதி வேக்காட்டில் இடம் மாற்றி வைக்காவிட்டால் ஒரு ரொட்டி கரி, ஒரு ரொட்டி பச்சை மாவு. படக்காரர் வந்து நிற்கவும் அப்பா உள்ளே எட்டிப் பார்த்தார்.

"நீ பாத்துக்கோம்மா. இதோ வந்துடறோம்."

ரொட்டி தள்ளுகிற மரத்துடுப்பு அப்போது அவளைவிட நீளம். அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே அம்மா இடுப்பில் இருந்தபடி தம்பி சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்னும் படத்தில் இருக்கிறது.

இரண்டாவது படம், தம்பி வெளியூர் போய் சாக்லேட் வேலை கற்றுக்கொண்டு வந்து முன்னறையில் சாக்லேட் கடை போட்டபோது. மூன்றாவது, அவன் கல்யாணம் ஆன புதிதில். அந்தத் தடவை பெரியவள் வாய்விட்டே கேட்டாள்.

"இந்த ஈடு இறங்கட்டும்ப்பா, நானும் வந்துடறேன்."

"வெளிச்சம் போயிடுமே" என்றார் படக்காரர்.

"அடுத்த படத்துல நீதான் நடுவுல" என்றார் அப்பா. அடுத்த படத்துக்கு அப்பா இருக்கவில்லை.

ரொட்டி வாங்க வருகிறவர்கள் படங்களைப் பார்த்துவிட்டு, "இதுல நீங்க எங்க இருக்கீங்கக்கா?" என்று கேட்பார்கள். மாவு ஒட்டிய விரலால் படத்தில் கூரைக்கு மேலே காட்டுவாள். புகைபோக்கியிலிருந்து புகை போய்க்கொண்டிருக்கும்.

"அதோ, அதான் நான். மூணுலயும் நல்லா விழுந்திருக்கேன் பாருங்க."

அவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். உள்ளே போய்த் துடுப்பைத் தொட்டால் கொஞ்ச நேரத்துக்குக் கை ஓடாது.

தம்பிக்கும் அவளுக்கும் இருந்த ஒரே சண்டை சூட்டுச் சண்டை.

"உன் அடுப்புச் சூடு சுவரைத் தாண்டி வருதுக்கா. சாக்லேட் எல்லாம் வெளுத்து, நரை விழுந்த மாதிரி கிடக்கு."

"எனக்கும்தான்டா நரை விழுந்திருக்கு. என்னை யாரு ஃப்ரிட்ஜுல வச்சீங்க?"

அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சாயங்காலம் தம்பி வந்து அடுப்படியில் நின்றான். நின்றானே தவிர முகத்தைப் பார்க்கவில்லை.

"நாளைக்கு மாவு பிசைய வேணாம்க்கா. படம் எடுக்கறோம். நீ நடுவுல இருக்கணும்."

"அப்போ ரொட்டி?"

"ஒரு நாள் இல்லாட்டி குடியா முழுகிடும்?"

அப்பா செய்யாததைத் தம்பி செய்கிறானே என்று பெரியவள் நினைத்தாள். நகக்கண்ணில் காய்ந்து கிடந்த மாவைப் பிரஷ் போட்டுத் தேய்த்தாள். விடிந்ததும் தம்பி மனைவி அவளை உட்காரவைத்துத் தலை வாரினாள்.

"பவுடர் போடட்டுமா அண்ணி?"

"எதுக்கு? காலம் பூரா மாவுதானே பூசிக்கிட்டேன்."

தம்பி மனைவி சிரிக்கவில்லை. சீப்பு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஓடியது.

நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு, பழக்க தோஷத்தில் பெரியவள் பின்பக்கம் போனாள். விறகு அடுக்கிய மூலை பெருக்கித் துடைத்துக் கிடந்தது. அடுப்பு வாயில் யாரோ குனிந்து டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தான்.

"யாருப்பா நீ?"

"கொத்தனாருங்க. நல்ல கட்டுமானம், இடிக்கத்தான் உயிர் போகும். படம் எடுத்து முடிச்சதும் ஆரம்பிக்கச் சொல்லியிருக்காங்க."

முன்பக்கம் ஒரு வேன் வந்து நின்றது. அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக ஃபாக்டரி ரொட்டி இறங்கியது. பிளாஸ்டிக் உறையில், துண்டு போட்டு, எல்லாம் ஒரே நிறத்தில்.

தம்பி பக்கத்தில் வந்தான்.

"உனக்கும் வயசாச்சுக்கா. இன்னும் எத்தனை நாளைக்கு இதுல வெந்து சாவ? இந்த இடத்தைக் குளிர் அறை ஆக்கிடலாம். நீ கல்லாவுல உக்காரு, ராணி மாதிரி."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா."

"சொன்னா விடுவியா?"

விட்டிருக்க மாட்டாள்தான்.

வாசலில் நடுவே அவளுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அப்பா கல்லாவில் உட்கார்ந்த அதே நாற்காலி. உட்கார்ந்தாள். தம்பி அவள் தோளில் கை வைத்தான். கூரை முழுசும் படத்தில் விழவேண்டும் என்று படக்காரர் எதிர்ப்பக்கம் வரைக்கும் பின்வாங்கிப் போனார்.

பெரியவள் திரும்பி அண்ணாந்து பார்த்தாள். புகைபோக்கி விளிம்பில் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது. அந்தச் சூட்டுக்கு எந்தப் பறவையும் அங்கே உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. காகம் சாவகாசமாக மூக்கைத் தீட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா, இங்க பாருங்க" என்றார் படக்காரர்.

அவள் எழுந்தாள்.

"என்னக்கா?"

"இரு, வரேன்."

உள்ளே கொத்தனார் செங்கல் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். பெரியவள் காலி அட்டைப்பெட்டிகளைக் கிழித்து அடுப்புக்குள் திணித்துப் பற்றவைத்தாள். போடுவதற்கு விறகு ஒரு சுள்ளிகூட இல்லை. மூலையில் சாய்த்திருந்த துடுப்பை எடுத்தாள். கைபட்டுக் கைபட்டுப் பிடி ஒரு இடத்தில் குழிந்திருந்தது. காலை வைத்து மிதித்தாள். இரண்டாவது மிதியில் முறிந்தது. இரண்டு துண்டையும் உள்ளே போட்டாள். அடுப்புத் தரை துடைக்கிற சாக்கை வாளியில் முக்கிப் பிழிந்து அதன் மேல் எறிந்தாள். புகை குமைந்துகொண்டு மேலே ஏறியது.

"என்னம்மா இது, அடுப்பு சூடாயிட்டா நான் எப்படி இடிக்கறது?"

"ஆறினதும் இடி."

வெளியிலிருந்து தம்பி கத்தினான். "அக்கா, இளவெயில் வெளிச்சம் போகுது! சீக்கிரம் வா!"

நல்ல உடுப்பில் கரி அப்பியிருந்தது. தட்டிவிட்டுப் பார்த்தாள், போகவில்லை. கண் எரிந்தது.

"நீங்க எடுங்கடா" என்றாள். "நான் பாத்துக்கறேன்."

கூரைக்கு மேலே காகம் ஒரு தரம் கத்திவிட்டு எழுந்து போகிற சத்தம் கேட்டது.