தர்மராஜ் தலைக்குப் போன கூந்தல்

ஜெயங்கொண்டத்துக்குத் தெற்கே முந்திரிக்காட்டு ஓரம் குடியிருக்கும் தர்மராஜின் தலையில் அவனைப் பெற்றவளின் முடி முளைத்தது ஒரு புதன்கிழமை காலை ஆறரை மணிக்கு, அவன் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது. முதலில் காதோரம் நாலு இழை. டீ குடித்து முடிப்பதற்குள் இடுப்பைத் தாண்டிவிட்டது. நரைத்த, சுருள் விழுந்த, நுனியில் மட்டும் மருதாணிச் சிவப்பு மிச்சமிருந்த முடி. யாருடையது என்று ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. கட்டிலில் கிடந்த கிருஷ்ணம்மாள் தன் மொட்டைத் தலையைத் தொட முடியாமல் தலையணையில் தேய்த்துக்கொண்டே, "வந்துருச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்லாமல் இது விளங்காது. முந்திரி பொறுக்கப் போய் விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து இரண்டு வருஷமாக அவள் எழவில்லை. கையும் தோளுக்கு மேல் போகாது. தலை அலசுவதென்றால் அவளைக் கட்டில் விளிம்புக்கு இழுத்து, அடியில் ரெக்சின் விரித்து, ஓரத்தைச் சுருட்டி வாளிக்குள் இறக்கி, சொம்பு சொம்பாக ஊற்ற வேண்டும். காய அரை நாள். படுத்தே கிடப்பதால் பிடரியில் சிக்கு வேறு. மருமகள் தென்றல் காலையிலேயே ஜவுளிக்கடை வேலைக்குப் போய்விடுவாள். எல்லாம் தர்மராஜ்தான் செய்தான், முணுமுணுத்துக்கொண்டே செய்தான். கஷ்டம்தான், யார் இல்லையென்றார்கள்? தோளோடு கத்தரிக்கலாமா என்று கேட்டிருந்தால் அவளே சரியென்றிருப்பாள். படுபாவி கேட்கவில்லை. வலி மாத்திரையில் அவள் தூங்கும் நேரம் பார்த்து, முடி வெட்டுகிறவரைக் கூட்டிவந்து மழித்துவிட்டான். பார்க்க வந்த சொந்தங்களிடம், "அம்மா எந்திரிச்சு நடக்கணும்னு சிறுவாச்சூர் ஆத்தாளுக்கு வேண்டிக்கிட்டேன்" என்றான், நாக்குக் கூசாமல். இப்படி ஒரு பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று அவர்கள் மெச்சிவிட்டுப் போனார்கள். முடி போனதைவிட அந்த மெச்சல்தான் கிருஷ்ணம்மாளின் வயிற்றை எரித்தது.

தர்மராஜ் சும்மா இருந்துவிடவில்லை. கத்தரித்தான், வளர்ந்தது. அடுத்த திங்கட்கிழமை சிறுவாச்சூருக்கே போய் மொட்டை போட்டுக்கொண்டான். திரும்பும்போது பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் முடி தோளைத் தொட்டது, அரியலூரில் மடியில் கிடந்தது. ஜெயங்கொண்டத்தில் இறங்கும்போது கண்டக்டர், "சார், படியில மாட்டிக்கப் போவுது, சுருட்டிக்குங்க" என்றார். வேண்டிக்கொண்டவன் தலை இருக்க, ஆத்தா எதற்கு இன்னொருத்தி தலையை எடுத்துக்கொள்வாள் என்று ஊரில் பேசினார்கள். பிறகு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

அந்த முடிக்குக் கிருஷ்ணம்மாள் கையைத் தவிர வேறு கை ஆகவில்லை. தென்றல் சீப்பு வைத்தால் சிக்கு இறுகி மண்டையைப் பிடுங்கியது. ஆகவே தினம் காலையில் அவன் கட்டிலுக்குக் கீழே உட்கார வேண்டியதாயிற்று. கீழே இருக்கிற தலைக்குக் கையைத் தூக்க வேண்டியதில்லையே! பேன்சீப்பை வேர் வரை அழுத்தி இழுத்தாள் கிருஷ்ணம்மாள்.

"வலிக்குதும்மா."

"வலிக்கட்டும்."

இரண்டு வருஷத்தில் இல்லாத தெம்பு அவள் முகத்தில் வந்திருந்தது. சோறு ஒரு கரண்டி கூடுதலாகக் கேட்டாள்.

எட்டு மாதம் போயிற்று. கிருஷ்ணம்மாளின் தம்பி குடும்பம் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த அன்று, வீடு நிறைய ஆள் இருக்கும்போது தர்மராஜ் உடைந்துபோனான். "வேண்டுதலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அலச அலுப்பா இருந்துச்சு. அம்மாவ ஒரு வார்த்தை கேக்காம மழிச்சுட்டேன்" என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். எல்லோரும் அவன் தலையையே பார்த்தார்கள். ஓர் இழை உதிரவில்லை.

"அதான் ஒத்துக்கிட்டான்ல, உட்டுரு அக்கா" என்றார் தம்பி.

"ஒங்ககிட்ட சொன்ன பொய்க்கு ஒங்ககிட்ட ஒத்துக்கிட்டான். நான் போதும்னு சொன்னா அது கொட்டிரும், எனக்குத் தெரியும்" என்றாள் கிருஷ்ணம்மாள். "சொல்ல மாட்டேன்."

தர்மராஜ் இப்போது கொண்டையோடுதான் வேலைக்குப் போகிறான். ஆதாரில் போட்டோ மாற்றும்போதும் யாரும் எதுவும் கேட்கவில்லை. கிருஷ்ணம்மாளின் தலையிலோ மழித்த பிறகு முடி வளரவேயில்லை. ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால் போதும். அதற்கும் அவன் தினமும், "தொடைக்கட்டுமாம்மா?" என்று கேட்கிறான். வேண்டாம் என்று சொல்லிப் பார்க்கிற ருசிக்காகவே சில நாள் அவள் வேண்டாம் என்கிறாள். துணியைக் கையில் வைத்துக்கொண்டு அவன் நிற்பான்.