வீட்டில் எத்தனை பேர்

1992 கார்த்திகை, ஒரு சனிக்கிழமை காலை, ஈஸ்ட் ஹாமில் எங்கள் வீட்டுக் குசினியில் நான்கு பேர் இருந்தோம். பொயிலர் திருத்த வந்த கீத் அதன் முன்மூடியைக் கழற்றிவிட்டு நிலத்தில் முழங்காலில் இருந்தார். என் மனைவி சிவமலர் இரண்டு கம்பளிச் சட்டைகளோடு கதவோரக் கதிரையில். அவளுடைய தம்பி கோபாலகிருஷ்ணன் பிரிட்ஜில் சாய்ந்து நின்றான். நான் மேசையில், கடதாசியும் பேனையுமாக.

வீட்டுக்குச் சூடும் சுடுதண்ணீரும் தரும் அந்தப் பொயிலர் நின்று ஐந்து நாள். நாங்கள் வீடு வாங்கும்போதே அது பழசுதான். உள்ளே இருக்கும் இரும்புப் பெட்டி வெடித்துவிட்டதென்று கீத் டோர்ச் அடித்துக் காட்டினார். அந்தப் பாகம் இப்போது வருவதில்லையாம். எங்காவது கழற்றிய பொயிலரில் தேடி எடுத்துப் பூட்டினால் ஒரு குளிர்காலம் ஓடும். அதற்கு மேல் தான் பொறுப்பில்லை என்றார். அல்லது புதிது. நான் இரண்டையும் இலக்கமிட்டு எழுதினேன்.

"அத்தான் விறைச்சுப்போனாலும் திகதி போட்டு எழுதி வைச்சிட்டுத்தான் விறைப்பார்," என்றான் கோபாலகிருஷ்ணன். சிவமலரும் சிரித்தாள்.

அப்போதுதான் கீத் கேட்டார், வீட்டில் எத்தனை பேர் என்று. இரண்டு பேரென்றால் சின்னப் பொயிலர் போதும். மேல் அறையிலுள்ள சுடுதண்ணீர்த் தாங்கியையும் எடுத்துவிடலாம். கூட ஆட்களென்றால் தாங்கியும் வேண்டும், பெரிய பொயிலரும் வேண்டும்.

"த்ரீ," என்றாள் சிவமலர்.

அதே நேரம் நான், "டூ," என்றேன்.

மூன்றாவது ஆள் எங்கள் மகன் முகுந்தன். ஒரே பிள்ளை. விசா கிடைத்து எங்களிடம் வரவென்று யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் புறப்பட்டவனை, இரண்டு வருடத்துக்கு முன் இராணுவத்தினர் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள். மேல் அறை அவனுக்கென்று ஒதுக்கியது. அவன் அதைக் கண்டதில்லை.

கோபாலகிருஷ்ணன் என்னைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். தாங்கியைக் காட்டுகிறேன் என்று கீத்தை மேலே கூட்டிக்கொண்டு போனான்.

"ஏன் ரெண்டெண்டு சொன்னனீங்கள்?"

"வாய் தவறிப் போச்சு."

"உங்களுக்கு வாய் தவறாது. ஆர் என்ன சொன்னது?"

சொன்னேன். சித்திரை வருடப்பிறப்பன்று ஆர்ச்வே முருகன் கோயிலில், வெளியே சப்பாத்துப் போடும்போது, ஞானரட்ணம் என்றொருவன் என்னிடம் வந்தான். முகுந்தனோடு ஒரே முகாமில் இருந்து விடுபட்டு வந்தவன். அடித்த காயத்தோடு காய்ச்சலும் வந்து, போன வருடம் முகுந்தன் தன் மடியில்தான் போனான் என்றான். சின்ன வயதிலிருந்தே முகுந்தனுக்கு இருந்த கழுத்தடித் தழும்பை நான் கேட்காமலே சொன்னான்.

அவள் அழவில்லை. "திதி கேட்டனீங்களோ?" என்றாள்.

"ஆடி அமாவாசைக்கு முதல் நாள்."

"அப்ப இந்த ஆடியில ஆண்டுத் திவசம் வந்து போச்சு."

"கோயிலில மோட்ச விளக்கு ஏத்தினனான்."

"எப்ப?"

"ஓவர்டைம் எண்டு சொல்லிப்போட்டுப் போன அண்டைக்கு."

அவள் நாளை எண்ணிப் பார்த்தாள். உதடு அசைவது தெரிந்தது.

"அண்டைக்கு நான் மீன் காய்ச்சினனான். நீங்களும் வந்து இருந்து சாப்பிட்டனீங்கள்."

சாப்பிட்டேன். சாப்பிடாவிட்டால் ஏனென்று கேட்பாள்.

"அதுக்குப் பிறகும் பிள்ளை எங்கையெண்டு கேட்டு அரசாங்கத்துக்கு மாசாமாசம் கடிதம் எழுதினியளே?"

"ஓம். நீ பாத்துக்கொண்டிருந்தனீ."

"தபாலில போட்டனீங்களோ?"

"எல்லாம் போட்டனான். நீ தாங்கமாட்டாய் எண்டுதான்..."

"நான் தாங்கிறனோ இல்லையோ, அது வேற. பெத்தவளை அவன்ர திவசத்தில மீன் தின்ன வைச்சிட்டியள்."

படியில் காலடி கேட்டது. கோபாலகிருஷ்ணன் முதலில் வந்தான். அக்காவின் முகத்தைக் கண்டதும் அவசரமாக, "பழசையே திருத்துவம் அக்கா. இந்தக் குளிருக்குக் காணும். மிச்சத்தைப் பிறகு யோசிக்கலாம்," என்றான். நானும் அதற்குத் தலையாட்டினேன். அவளுக்கு ஒரு வருடம் கொடுத்தது போலாகும் என்று நினைத்தேன்.

"வேண்டாம்," என்றாள் சிவமலர். "திருத்தினால் வாற வருசமும் வந்து எத்தினை பேரெண்டு கேப்பாங்கள். அப்பவும் இவர் ஒண்டு சொல்ல நான் ஒண்டு சொல்ல ஏலாது. புதுசைப் போடுங்கோ. சின்னது."

கீத்துக்கு மொழிபெயர்த்துச் சொன்னான் கோபாலகிருஷ்ணன். சரி, கம்பனிக்கு எழுத்தில் அறிவித்துவிடுங்கள், வீட்டில் எத்தனை பேர் என்பதையும் குறிப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் தன் பெட்டியை மூடினார்.

அவர்கள் போனபின் அதே மேசையில் இருந்து ஆங்கிலத்தில் எழுதினேன். திகதி, முகவரி, விடயம். பழைய பொயிலரைக் கழற்றவும். தாங்கியை அகற்றவும். மூன்றாவது வரியில் பேனை நின்றது.

சிவமலர் பின்னால் வந்து நின்றாள். "எழுதுங்கோ," என்றாள். "உங்களுக்குத்தானே முதல் தெரியும். நீங்கள்தான் எழுதவேணும்."

இவ்வீட்டில் வசிப்போர் இருவர் என்று எழுதினேன். அவள் தோளுக்கு மேலால் அந்த வரியை வாசித்தாள், இங்கிலீசை எழுத்துக்கூட்டி, இரண்டு தரம். பிறகு மேலே போய்விட்டாள்.

உறையை ஒட்டினேன். அன்றைய கடைசித் தபால் எடுக்குமுன் தெருமுனைப் பெட்டிக்குக் கொண்டுபோய்ப் போட்டேன்.