முட்டை அட்டையும் பழைய பிளக்கும்

கழற்றிப்போட்ட ஸ்பார்க் பிளக்கை யாராவது பொறுக்கி வைப்பார்களா? மானசா வைப்பாள். ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்! கரி பிடித்ததைப் பெட்ரோலில் ஊறப்போட்டு, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, முனையை உப்புத்தாளால் லேசாக உரசி, இரும்பறுக்கும் ஆக்சா பிளேடு நுழையும் அளவுக்கு இடைவெளி வைத்து, சேலைத்துணியில் சுற்றி மொபெட் பெட்டிக்குள் போட்டுவைப்பாள். அவள் கணவனின் பெரியம்மா மகன் வம்சி, வீட்டுத் தெலுங்கில் அவளுக்குப் பாவா முறை, 'பிளக்கு மகாராணி' என்றுதான் அவளைக் கூப்பிடுவான். அவனுக்கு வண்டி ஒருதரம் இருமினால் போதும், பிளக்கைக் கழற்றி வீசிவிடுவான்.

பல்லடம் பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் திருமலைசாமிக்கு ஒரு வழக்கம். காணும் பொங்கலன்று மொபெட்டில் முட்டை அட்டைகளைக் கட்டிக்கொண்டு, முட்டை உடையாமல் குன்றின் மேலிருக்கும் கரட்டுக் கோயிலுக்கு முதலில் வருகிறவருக்குத்தான் அந்த வருசம் கடைகளுக்கு முட்டை கொண்டுபோய்ப் போடும் வேலை. போன வருசம் வம்சிக்குக் கிடைத்தது. இந்த வருசம் மானசா வீட்டில் தறி நின்றுவிட்டது. அந்த வேலை கிடைத்தால்தான் அடுப்பு எரியும்.

கணவன் ரவிதேஜா பாசக்காரன். விருந்தாளி இலையில் நெய் ஊற்றுகிற கைதானே? போட்டிக்குப் போகிற வண்டியாயிற்றே என்று பெட்ரோலில் ஆயிலைத் தாராளமாகக் கலந்துவிட்டான். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமே ஆகாது, ஆயில் எம்மாத்திரம்? கொடி இறங்கியதும் மற்ற வண்டிகள் பறந்தன. மானசாவின் வண்டி குப்பென்று புகைவிட்டு அணைந்தது. கூட்டம் சிரித்தது. ரவிதேஜா தலையில் கை வைத்துக்கொண்டான்.

மானசாவுக்கு அழுகை முட்டியது. அழ நேரமில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். கரியில் ஊறிய பிளக்கைக் கழற்றினாள், துணியிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டினாள், மிதித்தாள். வண்டி சீறிக் கிளம்பியது. முட்டைக்குப் பயந்து மற்றவர்கள் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அந்த ரோட்டின் பள்ளமெல்லாம் மனப்பாடம். ஒவ்வொருவராகத் தாண்டினாள்.

கரட்டு ஏற்றத்தில் வம்சி மட்டும் முன்னால் இருந்தான். அங்கேதான் அவன் வண்டி இருமியது. புதுப் பிளக்கும் கரி பிடிக்கத்தானே செய்யும்? பொங்கலுக்குக் கடைகளெல்லாம் பூட்டு, கையில் வேறொன்று இல்லை. அவன் இறங்கித் தள்ள ஆரம்பித்தபோது மானசா ஹாரன் அடித்துக்கொண்டே மேலே ஏறினாள்.

கோயில் வாசலில் திருமலைசாமி அட்டைகளைப் பிரித்துப் பார்த்தார். ஒரு முட்டையில்கூடக் கீறல் இல்லை. வேலை மானசாவுக்குத்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டார். பறையடித்தார்கள்.

கடைசியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த வம்சி மூச்சு வாங்கக் கேட்டான்.

"ஏனம்மணி, புதுப் பிளக்கா போட்ட?"

"இல்லீங்க பாவா. தீவாளிக்கு எங்க ஊட்டுக்கு வந்தப்ப, ஆகாதுன்னு கழட்டிக் குப்பையில வீசிப்போட்டுப் போனீங்களே, அதுதானுங்க."

மானசா பெட்டியைத் திறந்து இன்னொன்றை எடுத்து நீட்டினாள்.

"இதுவும் உங்களுதுதானுங்க. மாட்டிக்கிட்டு ஊடு போய்ச் சேருங்க."