வேங்கைப் பெட்டி

விடியுமுன்பே கோகோக் காய்கள் களத்தில் குவிந்து கிடந்தன. மருதாள் ஒரு காயை இடக்கையில் பிடித்து, வலக்கைக் கட்டையால் அதன் நடுவில் ஓங்கித் தட்டினாள். காய் இரண்டாகப் பிளந்தது. வெள்ளைச் சதை போர்த்திய கொட்டைகளை விரலால் வழித்துக் கூடையில் போட்டாள். ஆயிரம் காய் உடைத்தால் தோள்பட்டை கழன்றுவிட்டதுபோல் இருக்கும். சதையின் புளிப்பு நகக்கண்ணை அரிக்கும். அதற்காகப் பனியன் வேஸ்ட் துணியைக் கிழித்து காய் உடைக்கும் ஐந்து பெண்களும் விரல்களில் சுற்றியிருந்தார்கள்.

அருள்புரம் பனியன் கம்பெனியில் பதினான்கு வருஷம் துணியில் குறை தேடும் பீஸ் செக்கிங் பார்த்துக் கண் மங்கிய பிறகுதான் மருதாள் இந்தத் தோப்புக்கு வந்தாள். உடுமலைக்குத் தெற்கே, மலையடிவாரத்தில், தென்னைக்கு ஊடுபயிராகக் கோகோ. தோப்புக்காரர் சிவபிரகாஷ்தான் இயற்கை விவசாயக் கூட்டுறவுச் சங்கத்துக்கும் தலைவர். மருந்தடிக்காமல், மழைக்காட்டை அழிக்காமல் விளைந்தது என்று சர்டிபிகேட் வாங்கியிருந்த சங்கத்தின் கோகோவை வெளிநாட்டுச் சாக்லேட் கம்பெனி நல்ல விலைக்கு எடுத்தது. காய் உடைப்பவர்கள் யாரும் சங்கத்தில் உறுப்பினர் இல்லை. தோப்பின் கடைக்கோடியில் அவர்கள் குடியிருக்க ஐந்து ஓலைச் சாளைகள் இருந்தன. அவற்றைத் தாண்டினால் ஓடைப்பள்ளம், அதற்கப்பால் காடு.

அன்று சிவபிரகாஷ் சீக்கிரமே வந்துவிட்டார்.

"பள்ளத்து வேங்கை மரத்தை வெட்டுனது கம்பெனிக்குத் தெரிஞ்சு போச்சு. நாளைக்குச் சர்டிபிகேட் ஆபீஸ்ல இருந்து ஒரு பொண்ணு வருது. அடுப்பெரிக்க நாங்கதான் வெட்டுனோம்னு அஞ்சு பேரும் கையெழுத்துப் போட்டுருங்க. தெரியாம பண்ணிப்போட்டாங்கன்னு நான் சொல்லிக்கறேன்."

"நாங்க வெட்டுலீங்களே," என்றாள் மருதாள்.

"அப்பறம் மரம் நடந்தா போச்சு?"

"அது கன்னிமார் மரமுங்க. சுள்ளி விழுந்தாக்கூட நாங்க பொறுக்கறதில்லீங்க."

அது உண்மை. அந்த வேங்கையடியில் ஏழு கல் நட்டிருந்தது. வெள்ளிதோறும் மருதாள் விளக்குப் போடுவாள். அங்கிருந்து காய்ந்த இலையைக்கூட எவரும் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. போன மாசம் ஒரு வெள்ளியன்று அவள் விளக்கோடு போனபோது அடிக்கட்டைதான் மிச்சம் இருந்தது; யார் வெட்டினார்கள் என்று தெரியவில்லை.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஒச்சாயி இடுப்பில் கைவைத்தாள். "தென்னந்தோப்புக்குள்ள குடியிருந்துக்கிட்டு அடுப்புக்கு வேங்கையவா வெட்டுவோம்? மட்டைக்கு என்ன பஞ்சமாய்யா வந்துருச்சு?"

"வாயைக் கொறை. கையெழுத்துப் போட்டா சாளையில இருக்கலாம். இல்லீன்னா வெள்ளிக்கிழமைக்குள்ள அஞ்சு சாளையும் காலியாகோணும்."

அவர் போனதும் ஒச்சாயி கட்டையை வீசியெறிந்தாள். "பெட்டியில புளிக்கப் போட்ட கொட்டையக் கெளறாம விட்டுருவோம்க்கா. பூஞ்சை புடிச்சு நாறட்டும்."

"சென்னிமலையண்ணன் கொட்டையும் அதுலதான கெடக்குது," என்றாள் மருதாள். "சங்கத்துல சேந்து அறுவது மரம் வெச்சுட்டு அல்லாடற மனுசன். அவரு நமக்கு என்ன கெடுதல் பண்ணுனாரு?"

கொட்டகையில் ஆறு பெட்டிகள். வாழையிலை மூடி ஆறு நாள் புளிக்கவைத்து, இரண்டு நாளுக்கொரு முறை கிளற வேண்டும். இரண்டு பெட்டிகள் புதியவை. போன வாரம்தான் வந்திருந்தன. அவற்றை அன்றுதான் முதல்முறை கிளறினார்கள். சூட்டோடு புளித்த வாடை முகத்தில் அடித்தது. அடியிலிருந்து அள்ளிய மருதாளின் விரல் துணி செம்பழுப்பாகிவிட்டது.

ஒச்சாயி அந்தக் கையைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள். "சக்கரை வியாதிக்குன்னு எங்க வீட்டுக்காரரு வேங்கைக் குவளையில தண்ணி ஊத்திவச்சுக் குடிப்பாருக்கா. இதே சாயந்தான்."

மருதாளுக்குக் கோபம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது அழுகை. சாமி மரத்தை அறுத்துப் பெட்டியாக்கி, அதிலிருப்பதைத் தன் கையாலேயே கிளற வைத்திருக்கிறார்களே என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஐவரும் கையெழுத்துப் போடவில்லை. மறுநாள் கவிப்பிரியா என்ற அந்த ஆய்வாளர் வெயிலில் வந்து சேர்ந்தாள். மருதாள் முதலில் அவளுக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தாள்.

"பாவம், படிக்காதவங்க," என்றார் சிவபிரகாஷ். "அடுப்புக்கு வெட்டிப்போட்டாங்க."

"ஏம்மா, காட்டோட அருமை உங்களுக்குத் தெரியாதா?" என்றாள் கவிப்பிரியா மருதாளிடம்.

"கண்ணு, ஒரு நிமிசம் இப்படி வாங்க."

கொட்டகைக்குக் கூட்டிப்போய்ப் பெட்டியடியில் கசிந்திருந்த சிவப்பை மருதாள் காட்டினாள். "வேங்கைச் சாயமுங்க. எங்க மரந்தான்." கவிப்பிரியா பலகையைத் தடவிப் பார்த்தாள், படம் எடுத்தாள்.

"இது எங்க வாங்கினதுங்க?"

"மரக்கடையிலங்க."

"பில் இருக்குங்களா?"

சிவபிரகாஷ் அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது கவிப்பிரியா தணிந்த குரலில் சொன்னாள்: "பார்த்ததை எழுதிடறேம்மா. சர்டிபிகேட் நின்னா சங்கத்துல எல்லாருக்கும் நட்டம்தான். உங்க சாளைக்கு என்னால ஒண்ணும் பண்ண முடியாது. எங்க ஃபார்ம்ல அதுக்குக் கேள்வியே இல்லை."

மரத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கிய அந்தத் தாளில், அதற்கு விளக்கேற்றிய மனுஷிக்கு ஒரு வரி இல்லை.

சாயங்காலம் சிவபிரகாஷ் வந்து சொன்னார்: "மத்த நாலு பேரும் இருந்துக்குங்க. மருதாள் மட்டும் காலையில கிளம்பட்டும்."

விடிந்தது. காய்க் குவியலருகே ஒருவரும் போகவில்லை. மருதாள் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, ஒச்சாயி தன் பானையும் பாயும் கொண்டுவந்து அவள் வாசலில் இறக்கினாள். அடுத்த சாளைக்காரி அடுப்பையே தூக்கி வந்தாள். மற்ற இருவரும் பின்னால் வந்தார்கள்.

"இதெல்லாம் எதுக்கு? உங்களைத்தான் இருக்கச் சொல்லீட்டாரே."

"இருந்தா அஞ்சு பேரும் இருப்போம். போனா அஞ்சு பேரும் போவோம். நீ மூட்டைய அவுரு," என்றாள் ஒச்சாயி.

அப்போதுதான் சென்னிமலை மொபெட்டில் இரண்டு மூட்டைக் காயோடு வந்தார். விஷயம் முன்பே அவர் காதுக்குப் போயிருந்தது.

"இப்படிப் பண்ணிப்போட்டீங்களே அம்மிணி. சர்டிபிகேட் போச்சுன்னா என்ற கொட்டையை எவன் வாங்குவான்?"

மருதாள் மூட்டையைக் கீழே இறக்கினாள். "பழைய பெட்டியில இருக்கற உங்க கொட்டையைக் கெளறி வெச்சிருக்கோமுங்கண்ணா. இனியும் கெளறுவோம். எங்களை வெளிய தள்ளுனாலும் வந்து கெளறிக் குடுத்துட்டுப் போவோம். அந்த ரெண்டு வேங்கைப் பெட்டியைத்தான் தொடமாட்டோம்."

சென்னிமலை பானைகளையும் அடுப்பையும் பார்த்தார். களத்திலிருந்து சிவபிரகாஷ் கூப்பிட்டார். "சென்னிமலை, மூட்டையை இங்க கொண்டாப்பா. அவளுககிட்ட என்ன பேச்சு?"

சென்னிமலை மொபெட்டை அங்கேயே ஸ்டாண்ட் போட்டார்.

"ஞாயித்துக்கெழமை சங்கக் கூட்டமுங்க. அஞ்சு பேரும் வாங்க. உள்ள விடமாட்டாங்க. விடற வரைக்கும் நானும் வெளிய நிக்கறேன்."

மேல்துண்டை உதறித் தரையில் விரித்தார்.

"கொஞ்சம் தள்ளிக்குங்க அம்மிணி," என்று சொல்லிப் பானைகளுக்கு நடுவே உட்கார்ந்தார்.