விடு என்றால்

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த அம்மையப்பனும் அருள்முருகனும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்ததைப் பார்த்த கடைக்காரர் செய்கு முகம்மது, இரண்டு தட்டுகளைத் தனித்தனியாகக் கொண்டுபோய் வைத்தார். அம்மையப்பனின் தங்கை கனகாவைக் கட்டியவன் அருள்முருகன். அவனுக்கு விசா எடுத்து இங்கே கூட்டி வந்தவரும் அம்மையப்பன்தான். நேற்று முந்தாநாள் வரை இதே கடையில் ஒரே தட்டு மீனுக்கு அடித்துக்கொண்ட மச்சானும் மாப்பிள்ளையும் இப்போது சுவரைப் பார்த்துக்கொண்டு சோற்றை அளைந்தார்கள். சாப்பிட்டதும் மூன்று பேரும் போலீஸ் சாவடிக்குப் போக வேண்டும். அவர்கள் இருவரும் வாக்குமூலம் கொடுக்க, செய்கு அதை அரபியில் சொல்ல.

அவர் இந்தக் கரைக்கு வந்தபோது கடலும் ஒட்டகங்களும், இங்கே துறைமுகம் வரப்போகிறது என்று எழுதிய ஒரு பலகையும்தான் இருந்தன. தலைநகரில், ரூவியில் பஸ் ஏறினால் ஒரு பகல் முழுவதும் கரைந்துபோகும் தூரம். "ஆளில்லாத ஊர்ல யாருக்கு விக்கப் போறிய?" என்று காயல்பட்டினத்திலிருந்து மனைவி ஜொஹரா கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்லத் தெரியாமல்தான் அந்தப் பலகையை நட வந்த அம்மையப்பனைக் கொண்டு ஒரு பழைய கன்டெய்னரில் ஜன்னல் வெட்டிக் கடை போட்டார். பிறகு ரோடு வந்தது, கேம்ப் வந்தது, கடலுக்குள் கல் கொட்டினார்கள், கிரேன்கள் எழுந்தன. ரோடு திரும்பும் இடத்துக்கு டாக்சிக்காரர்கள் 'பாய் கடை வளைவு' என்று பெயர் வைத்தார்கள். பள்ளிக்கூடமோ பேங்கோ கபர்ஸ்தானோ இன்னும் வரவில்லை. ஆனால் முதல் பெரிய கப்பல் அடுத்த வாரம் வருகிறது. அதற்கு முன்னால் முதல் கேஸ் வந்துவிட்டது.

நடந்தது இவ்வளவுதான். கிரேனில் ஒரு ஜெனரேட்டரைத் தூக்கினார்கள். சுமை சுழலாமலிருக்க அதில் கட்டிய கயிற்றை அருள்முருகன் கீழே நின்று பிடித்திருந்தான். காற்று திடீரென்று ஏறியது. அவன் மல்லுக்கட்டி இழுப்பதைப் பார்த்து போர்மேன் அம்மையப்பன் கத்தினார், "விடு! விடு!" அவன் விட்டான். ஜெனரேட்டர் ஒரு சுற்றுச் சுற்றி, டிரெய்லர் ஓட்டி வந்த அஸீமின் காலை வண்டியோடு வைத்து நசுக்கிவிட்டது. உயிர் பிழைத்த அஸீம் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். கால் தேறுமா என்று டாக்டர்கள் இன்னும் சொல்லவில்லை.

இழுக்காதே, அதன் போக்கில் விடு என்றுதான் சொன்னேன் என்கிறார் அம்மையப்பன். கயிறு பிடித்திருக்கிறவனிடம் விடு என்றால் வேறென்ன அர்த்தம் என்கிறான் அருள்முருகன். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. தப்பு யார் மேல் விழுகிறதோ அவருக்கு ஜெயில், பிறகு ஒருவழி டிக்கெட். கனகாவுக்கு அண்ணன் போக வேண்டும், இல்லையென்றால் புருஷன் போக வேண்டும். மொழிபெயர்ப்பாளர் தலைநகரிலிருந்து வந்துசேர நாளாகும். கப்பலுக்கு முன்னால் கேஸை முடித்தாக வேண்டும் என்று மேலிடத்தில் அவசரம். கடைக்காரருக்கு இரண்டு மொழியும் தெரியுமே என்று யாரோ புண்ணியவான் போட்டுக் கொடுத்துவிட்டான்.

செய்குவின் அரபி, அரிசியும் சிகரெட்டும் விற்று வளர்ந்த அரபி. இந்த ஒரு சொல்லுக்கு அதற்குள் இரண்டு சொற்கள் இருந்ததுதான் அவருக்கு வினையாகிவிட்டது. 'ஹித்' என்றால் கையிலிருப்பதை விடுவது. 'கல்லி' என்றால் அப்படியே இருக்கவிடுவது. விட்டுத்தள்ளு என்பதற்குக் கல்லிவல்லி என்று கல்ஃபில் கால் வைத்தவன் முதல் வாரமே கற்றுக்கொள்ளும் சொல் அதிலிருந்து வந்ததுதான். ஹித் என்றால் அம்மையப்பன் போனார். கல்லி என்றால் அருள்முருகன் போனான். தமிழில் அவர் அந்தச் சொல்லை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறார் என்பதே இப்போதுதான் தெரிந்தது. குழம்பில் தண்ணீர் விடு, வண்டியை விடு, அந்தக் கழுதையை விடு. பாத்திரம் கழுவிக்கொண்டே ஒரு 'விடு' சொல்லிவிட்டு அப்படியே நின்றுபோனார்.

சாவடி என்பது ஒரு போர்ட்டா கேபின். உள்ளே ஏசி உறுமியது. அதிகாரி இளம் வயது, மரியாதையான ஆள். குர்ஆன் மேல் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார். அதுவரைக்கும் எதையாவது மழுப்பிச் சொல்லிவிடலாம் என்று மனசின் ஓரத்தில் வைத்திருந்த எண்ணம் அந்த இடத்திலேயே செத்தது. பின்னால் பெஞ்சில் இருவரும் ஓர் ஆள் உட்காரும் இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தமும் உண்டு என்று செய்கு சொன்னார். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். ஒரு சொல்லை ஒருவர் ஒரு அர்த்தத்தில்தானே சொல்லியிருப்பார், அது எது என்றார். சொன்னவருக்கு ஒன்று, கேட்டவனுக்கு ஒன்று என்றார் செய்கு. அப்படி எழுத முடியாது என்றார் அதிகாரி. தட்டச்சு செய்பவர் விரல்களை விசைகளின் மேல் வைத்துக் காத்திருந்தார்.

அதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"சரி. கயிறு உங்கள் கையில் இருந்திருந்தால்? அந்தச் சொல் உங்கள் காதில் விழுந்திருந்தால்? நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?"

செய்கு, சத்தியம் செய்த கையைப் பார்த்தார். பதில் அவருக்குத் தெரியும். அந்தக் காற்றில், அந்தக் கத்தலில், அவரும் விட்டிருப்பார். பதிலைச் சொன்னால் முதல் நாள் கன்டெய்னருக்கு ஜன்னல் வெட்டிக் கொடுத்த அம்மையப்பனைத் தன் வாயாலேயே உள்ளே தள்ளுவதாகும். சொல்லாவிட்டால் அதற்குப் பெயர் என்ன என்றும் தெரியும். அவர் வாயைத் திறந்தார்.

"விடுங்க பாய்."

பின்னாலிருந்து, நிதானமாக, அம்மையப்பன் சொன்னார். சைட்டில் கத்துகிற குரல் இல்லை அது.

அதிகாரியின் தலை நிமிர்ந்தது. இத்தனை நேரம் திரும்பத் திரும்பக் கேட்ட சொல்லைக் காது பிடித்துக்கொண்டது.

"அதே சொல்தானே? இப்போது என்ன சொல்கிறார்?"

செய்கு திரும்பிப் பார்த்தார். போதும், மேலே பேசாதீங்க என்கிறாரா? என்னைக் கைவிட்டுவிடுங்க என்கிறாரா? மாப்பிள்ளையை விட்டுவிடச் சொல்லுங்க என்கிறாரா? அம்மையப்பனின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவர் ஜன்னலுக்கு வெளியே கிரேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். செய்குவின் பார்வை கீழே இறங்கியது. பெஞ்சின் நடுவில் இருந்த காலி இடத்தைத் தாண்டி நீண்டிருந்த அருள்முருகனின் கை, மச்சானின் சட்டைக் கையைக் கொத்தாகப் பிடித்திருந்தது. விரல் கணுக்கள் வெளுத்திருந்தன.