கொழுந்தளவுப் பஞ்சு

மனுஷ உடம்பில் இருநூற்றாறு எலும்பு இருக்கிற விஷயம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்குச் சேர்ந்த பிறகுதான் பேச்சாயிக்குத் தெரிந்தது. அத்தனையையும் இங்கிலீஷில் ஒப்பிக்க வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. உடற்கூறு, சுகாதாரம், மருந்தளவு, கட்டுக் கட்டுதல், போதாததற்கு நோயாளிக்குக் கஞ்சி காய்ச்ச ஒரு தனிப் பாடம். கஞ்சிக்கும் பரீட்சை வைக்கிற இடம் அது. இத்தனைக்கும் நடுவே வார்டு வேலை காலை ஆறு மணிக்கே கழுத்தைப் பிடிக்கும்.

அதில் பாழாய்ப்போன வேலை ஒன்று உண்டு. மறுநாள் புண் துடைக்க முந்நூறு பஞ்சுருண்டை உருட்டி, ஆவியில் அவிக்கிற டிரம்மில் போட வேண்டும். இரண்டு மணி நேரம் அதிலேயே போய்விடும். வெள்ளிக்கிழமை வருஷப் பரீட்சை. தவறினால் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், கூலிக் குடும்பங்களின் வரிசை வீடான லயத்துக்குத் திரும்பி, அம்மாவோடு கொழுந்துக் கூடை தூக்க வேண்டியதுதான். லயம் என்ற சொல்லை ஹாஸ்டலில் ஒரு வருஷமாக அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. புதன்கிழமை சாயங்காலம் வார்டில் மடியில் புத்தகமும் கையில் பஞ்சுமாக உட்கார்ந்து, இரண்டும் ஓடாமல் அழுதேவிட்டாள்.

மூன்றாம் கட்டிலில் வீரம்மா என்று ஒருத்தி. கொழுந்து பறிக்கப் போன இடத்தில் சறுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு ஒரு மாதமாகப் படுத்திருந்தாள்.

"ஏன் பாப்பா அழுவுற? அந்தப் பஞ்ச இங்கிட்டு கொண்டா. கையி சும்மா கெடந்து எங்களுக்கு நோவுது."

"நோயாளிகிட்ட வேலை வாங்கினா பரீட்சைக்கே விடமாட்டாங்க பெரியம்மா."

"இது ஒரு வேலையா? பேசிக்கிட்டே கிள்ளிப் போட்டுருவோம்."

தோட்டத்தில் காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் பிரிப்பார்களே, அப்படிப் படுத்த இடத்திலிருந்தே பிரித்தாள் வீரம்மா. காய்ச்சல்காரிகளும் இருமல்காரிகளும் தள்ளிப் போனார்கள். மற்ற பதினோரு பேரும் பேச்சாயி ஊற்றிய சோப்புத் தண்ணீரில் முழங்கை வரை கழுவினார்கள். பிறகு பார்க்க வேண்டுமே. அரை மணியில் டிரம் நிறைந்தது. பேச்சாயி புத்தகத்தை விட்டு நிமிரவே இல்லை. அவர்கள் நன்றாயிருக்க வேண்டும் என்று மட்டும் எலும்புகளுக்கு நடுவே நினைத்துக்கொண்டாள்.

வியாழன் காலை, வார்டுப் பொறுப்பாளர் சிஸ்டர் புனிதவதி டிரம்மைத் தட்டில் கவிழ்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ரகம். எலுமிச்சங்காய் அளவு இருக்க வேண்டிய உருண்டைகள் விரல் நுனி அளவில், எல்லாம் ஒரே அச்சாகக் கிடந்தன.

"இது உன்ர கை இல்லை. ஆர் செய்தது?"

பொய் வாய் வரை வந்துவிட்டது. கட்டில்களிலிருந்து பதினோரு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நோயாளிங்க செஞ்சாங்க, சிஸ்டர். நான்தான் குடுத்தேன்."

வீரம்மா விடுவாளா? "புள்ள மேல தப்பு இல்லீங்க. கையி கொழுந்து அளவுக்குத்தான் கிள்ளுது. பெருசா கிள்ளுனா முத்தல்னு கணக்குப்புள்ள கொட்டிப்புடுவாரு. முப்பது வருசப் பழக்கம், இது பஞ்சுன்னு கைக்குத் தெரியல. பாப்பாவ பரீட்சைக்கு விட்டுருங்க."

சிஸ்டர் ஓர் உருண்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிரிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை, அன்றும் சிரிக்கவில்லை.

"புண்ணுக்கு இது உதவாது. கண்ணுக்கு உதவும். கண் வார்டில இப்பிடிச் சின்னனா உருட்ட ஆளில்லை." பேச்சாயி பக்கம் திரும்பினார். "இண்டைக்கு முந்நூறும் நீயே உருட்டு. நாளைக்குப் பரீட்சைக்குப் போ."

அன்று சாயங்காலம் பேச்சாயி உருட்டிக்கொண்டே எலும்புகளை ஒப்பித்தாள். வீரம்மா புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "சரி, சரி" என்று தலையாட்டினாள்.

வெள்ளிக்கிழமை எழுத்துப் பரீட்சை ஒருவாறு கழிந்தது. செய்முறைக்குக் கண்டியிலிருந்து ஒரு டாக்டர் வந்திருந்தார். படுத்திருந்த ஒருவரைக் காட்டி, கண்ணைத் துடைக்கச் சொன்னார். பேச்சாயிக்குப் படித்ததில் பாதி எங்கோ ஓடிவிட்டது. தட்டின் மூடியைத் திறந்தாள். உள்ளே, சிஸ்டர் கண் வார்டுக்கு அனுப்பிய அதே கொழுந்தளவுப் பஞ்சு. பதினோரு பேரும் பக்கத்தில் வந்து நின்ற மாதிரி இருந்தது. மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக, ஒரு தடவைக்கு ஒரு பஞ்சு என்று கை தானாகவே போயிற்று.

டாக்டர் தட்டைப் பார்த்தார். "இவ்வளவு நேர்த்தியாக யார் செய்தது?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"எங்கள் ஆட்கள், சார்," என்றாள், தெரிந்த இங்கிலீஷில். "தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர்கள். என் அம்மாவும் அதுதான்."

பத்து நாள் கழித்துப் பட்டியல் ஒட்டினார்கள். பேச்சாயி அதைப் பார்த்த கையோடு வார்டுக்கு ஓடினாள். வீரம்மாவுக்கு அன்றுதான் மாவுக்கட்டை வெட்டியிருந்தார்கள். மெலிந்து வெளுத்திருந்த அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஒடஞ்ச எலும்புக்கு டிபியான்னு பேருங்க, பெரியம்மா."

"அது கெடக்கட்டும். பாஸா?"

"பாஸுங்க."

வீரம்மா மற்றக் கட்டில்களின் பக்கம் திரும்பினாள். "ஏய், நாமெல்லாம் பாஸாம்."