இடது முன்சக்கரம்

கல்யாணத்துக்குச் சாய்ப்ரியாவின் அப்பா கொடுத்த கார், ஏழாவது மாதத்தில் கீச் கீச்சென்று கத்தத் தொடங்கியது. "பழசுக்குப் பாலிஷ் போட்டு நம்ம தலையில கட்டிப்போட்டாரு உங்க நாயனா" என்று மாமியார் பங்காரம்மா தினமும் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள். உறவுக்காரர்கள் விருந்துக்கு வந்த ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, கிணத்துக்கடவுக்கு ஆள் அனுப்பிச் சம்பந்தியை வரவழைத்தாள்.

வேங்கடசாமி சலவை வேட்டியில் வந்தார். கூடவே போத்தனூர் மெக்கானிக் ஷேக் பரீத். உள்ளே வாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. காப்பித் தட்டோடு படியில் நின்ற சாய்ப்ரியா ஓரடி இறங்கினாள். "விருந்தாளிகளுக்கு மொதல்ல குடு" என்றாள் மாமியார்.

மாப்பிள்ளை சசிதர் காரைக் கிளப்பிவிட்டுச் சிரித்தான். "ஏனுங்க மாமா, நீங்க குடுத்த வண்டி. சத்தம் எங்கிருந்து வருதுன்னு நீங்களே கூட நடந்து கேட்டுச் சொல்லிப்போடுங்க."

"நான் பாக்கறனுங்க" என்று முன்னால் வந்தார் பரீத்.

"மாமா கேக்கட்டுமுங்க பாய்."

வீட்டைச் சுற்றி சிமெண்ட் பாதை. கார் ஊர்ந்தது. வேங்கடசாமி வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சக்கரத்தருகே காதை வைத்துக் குனிந்து நடந்தார். இரண்டாவது சுற்றில் சசிதர் வேகத்தைக் கூட்டினான். அறுபது வயது மனிதர் குனிந்தபடியே ஓடினார். படியில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"காது கேக்கலீங்களா மாமா?" சசிதர் ஹாரனை அழுத்தினான். அவர் துள்ளி விலகிச் செடித்தொட்டியில் இடித்துக்கொண்டார். சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று.

மூன்றாவது சுற்று முடிந்த பிறகுதான் பரீத்துக்குச் சாவி கிடைத்தது. அவர் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தார். பிரேக்கைத் தொட்டாலும் சத்தம் மாறவில்லை. அப்படியானால் பிரேக் கட்டையில் கோளாறு இல்லை. பானெட்டின் மேல் கையை ஊன்றி அமுக்கினார். இடது பக்கம் முனகியது. ஜாக்கி போட்டு அந்தப் பக்கத்துச் சக்கரத்தைக் கழற்றினார்.

"இங்க பாருங்கண்ணா. பிரேக் டிஸ்குக்குப் பின்னால இருக்கற தகடு வளைஞ்சு உரசுது, அதான் கீச்சுச் சத்தம். சக்கரத்தைத் தாங்கற கீழ்க் கையும் வளைஞ்சு, அதுல இருக்கற ரப்பர் புஷ்ஷு கிழிஞ்சிருக்குது. வண்டி வரும்போதே இருந்ததில்லீங்க இது. வேகமாப் போயிக் கல்லுல ஏத்துனாத்தான் இப்பிடி ஆகும். துருவைப் பார்த்தா ரெண்டு மாசம் இருக்கும்."

சிரிப்பு நின்றது. சசிதர் மனைவியைப் பார்த்தான்.

"வண்டி எங்கியாச்சும் மோதுச்சாங்க அம்மணி? நீங்களே சொல்லுங்க."

மேட்டுப்பாளையம் ரோட்டில் குடித்துவிட்டு அவன்தான் ஓட்டினான். கல்லில் ஏறியபோது அவள் நெற்றி டாஷ்போர்டில் இடித்து நாலு தையல் விழுந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்ததாக அப்பாவுக்கு எழுதச் சொன்னவனும் அவன்தான்.

"இல்லீங்க" என்றாள்.

வேங்கடசாமி அவள் நெற்றித் தழும்பை நிமிர்ந்து பார்த்தார். சக்கரத்தைப் பார்த்தார். மறுபடி தழும்பைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. இப்போது கத்துவார், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார் என்று அவள் தட்டைக் கெட்டியாகப் பிடித்தாள்.

"பாய், நீ தப்பாப் பார்த்துட்டே" என்றார் அவர். "வண்டி வரும்போதே அதுல குறை இருந்திருக்குது."

பரீத் ஸ்பேனரைத் துணியில் வெகுநேரம் துடைத்தார். "ஆமாங்கண்ணா. என்ர கண்ணுதான் சரியில்ல."

"அப்ப வேற வண்டி வாங்கிக் குடுத்துருவீங்கல்ல சம்பந்தி?" என்றாள் பங்காரம்மா.

"தந்தர்றனுங்க."

சாய்ப்ரியா வாசல் கேட் வரை அவர் பின்னால் ஓடினாள். "நாயனா, நானும் வாரேன்."

"தேஜஸ்ரீக்குத் தையில கண்ணாலம் வெச்சிருக்குது. இப்ப நீ வந்து நின்னா உன்ர தங்கச்சி கதி என்னாகும் கண்ணு?" அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.

விருந்தாளிகள் போனதும் சசிதர் மெல்லக் கேட்டான். "வாசல் கேட்டுப் பக்கத்துல நின்னு என்ன பேசுனீங்க?"

"ஒண்ணுமில்லீங்க."

"அம்மா, இவங்க நாயனாகூட ஊருக்குப் போறேன்னாங்க, என்ர காதுல விழுந்துச்சு" என்றான் அவன்.

பங்காரம்மா எழுந்துபோய் டெலிபோனின் சுழல்தட்டில் சின்னப் பூட்டை மாட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.